விசில் ஊதிய பிறகு

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது நான் அவளைப் புகழும்போது, எவ்வளவு பெரிய மனது இவனுக்கு என்று நினைத்துவிடுவீர்கள். அவள் எங்கள் அலுவலகத்தை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. இன்றைக்கும் ஒரு வீடியோவை நிறுத்தக் கை போகும்போது அவள் ஞாபகம் வருகிறது, வயிறு எரிகிறது.

அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டங்களை வீடியோவில் பார்த்துக் குறிப்பு எழுதுவது எங்கள் வேலை. கல்லூரிகளில் விளையாடும் பையன்களைப் பெரிய தொழில்முறை அணிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் முறை வைத்துத் தெரிவு செய்யும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று அந்த அணிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. நகரத்தின் கிழக்கே வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஒரு ஷவர்மாக் கடைக்கு மேல்மாடியில், ஐந்து மேசைகள். நிக் என்ற கிரேக்கர்தான் முதலாளி. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் அறிக்கைகள் எல்லாவற்றிலும் உள்ளி மணக்கும்.

ஒரு ஆட்டத்தை வெட்டி வெட்டித்தான் பார்ப்போம். ஒவ்வொரு துண்டும் ஆறேழு விநாடி. பந்து கைமாறும், அணியை நடத்துகிற குவாட்டர்பேக் அதை எறிவான், ஒருவன் பிடிப்பான் அல்லது விடுவான், நடுவர் விசில் ஊதுவார். விசில் ஊதியதும் நிறுத்திவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடுவோம். அவள் மட்டும் நிறுத்தமாட்டாள். எங்களுக்கு வரும் வீடியோக்கள் விசிலோடு வெட்டப்பட்டிருக்கும் என்பதால் அதே ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வாள். பையன்கள் எழும்பிப் புல்லைத் தட்டுவதையும், தண்ணீர் குடிப்பதையும், ஓரத்து வாங்குப் பலகையில் போய்க் குந்துவதையும் படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன பாக்கிறீர்? ஆட்டம் முடிஞ்சுது" என்று கேட்பேன்.

"ஆட்டம் முடிஞ்சுது. ஆள் முடியேல்லை" என்பாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. இருவருமே சின்ன வயதில் ஊரைவிட்டுத் தாய் தகப்பனோடு இந்த நகரத்தின் பார்க்டேல் பகுதியில் வந்து இறங்கியவர்கள். ஆனாலும் கடைசிவரை நீர், உமக்கு என்றுதான் பேசிக்கொண்டோம். அதற்கு மேல் நெருங்க நான் விடவில்லை என்பதுதான் உண்மை.

காரணம் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் ஃபுட்போல் விளையாடிய தமிழன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூட அணியில் இரண்டாவது குவாட்டர்பேக். முதலாவது ஆளுக்குக் காயம் பட்டால்தான் எனக்கு இடம். அவனுக்கு ஒரே ஒரு தடவைதான் காயம் பட்டது. நான் இறங்கி நான்கு தடவை பந்தைத் தொட்டேன். நான்காவது தடவை எறிந்தது எதிரணிக்காரன் கையில் போய் விழுந்து நாங்கள் தோற்றோம். அலுவலகத்துக்கு யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுவேன். அவளுக்கும் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவள் புட்டும் மீன்பொரியலும் கொண்டுவந்திருந்தாள்.

"என்ரை எறி சரியாத்தான் போனது. பிடிக்க வேண்டினவன் வழுக்கிப்போட்டான். புல்லு ஈரம். பாவம், அவனிலையும் பிழையில்லை. நான் அவனை ஒண்டும் சொல்லேல்லை, முதுகிலை தட்டிக் குடுத்தனான்" என்றேன்.

இந்த இடத்தில் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அவள் புட்டைப் பிசைந்துகொண்டே, "மற்றப் பெடியங்களும் வழுக்கினவங்களோ?" என்று கேட்டாள்.

"அது ஞாபகமில்லை."

"ஓமோ" என்றாள். அவ்வளவுதான். பிறகு மீன்பொரியலில் ஒரு துண்டை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

அவள் எங்களிடம் வரும்போது ஃபுட்போலில் ஆனா ஆவன்னா தெரியாது. எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்ட் தூரம், எந்த நம்பர்க்காரன் எங்கே நின்றான் என்று கணினியில் பதிகிற வேலைக்குத்தான் நிக் அவளை எடுத்தான். முதல் கிழமை குவாட்டர்பேக்கைக் காட்டி, "உவன் பந்தைக் குடுத்திட்டுச் சும்மா நிக்கிறான். உவனுக்கே எல்லாச் சம்பளமும்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். மூன்று மாதத்தில் நிக் அவள் மேசைக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு உட்காரத் தொடங்கினான். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அதற்கு முன் அவள் விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கிற இடத்தில் பன்னிரண்டு வருடம் நின்றவள். அங்கேயும் இதே பழக்கம்தானாம். வரிசையில் நிற்கும்போது எல்லாருமே கள்ளர் மாதிரித்தான் நிற்பார்களாம், அதைப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லையாம். "மெஷினைத் தாண்டிப் போய், பெல்ட்டைக் கட்டிச் சப்பாத்தைப் போடேக்க ஒருத்தரும் தங்களை ஆரும் பாக்கினம் எண்டு நினைக்கிறேல்லை. நான் அங்கைதான் பாப்பன்" என்பாள்.

இந்தக் கண் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற வோபர்ன் பக்கம் முழுக்கப் பிரசித்தம். கலியாணம் பேசுகிற வீடுகளில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவளைத்தான் பிடிப்பார்கள். வேலை, படிப்பு, குடி, கூடாத சகவாசம் எல்லாம் எந்தத் தரகரும் விசாரிப்பார். அவள் அதெல்லாம் கேட்பதில்லை. பையன் போகிற ஏதாவது ஒரு பிறந்தநாள் விழாவுக்குத் தானும் அழைப்பு வாங்கிக்கொண்டு போவாள். கேக் வெட்டும்போது பார்க்கமாட்டாள், ஆடும்போது பார்க்கமாட்டாள். எல்லாரும் பார்சல் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போதுதான் அவள் வேலை தொடங்கும்.

ஒருமுறை மத்தியானத்தில் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. மறுபக்கத்தில் பெண்ணின் தாய். அந்த அம்மா சத்தமாகப் பேசுகிறவ, எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"பிள்ளை, ஆள் எப்பிடி?"

"மைக்கிலை நல்லாக் கதைச்சவர், அன்ரி. கதிரை அடுக்கேக்க போன் வந்தமாதிரி வெளியில போயிட்டார்."

"போன் வந்தால் எடுக்கத்தானே வேணும்?"

"போன் வரேல்லை அன்ரி."

"அப்ப வேண்டாமோ?" என்றா அந்த அம்மா.

"கட்டலாம், நல்ல பெடியன்தான். ஆனா வீட்டு வேலை கலியாணத்துக்கு முதலே பழக்கவேணும். பிறகு பழக்கேலாது."

அந்தக் கலியாணம் நடந்தது. அவளுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்களாம். நான் பத்து வருடமாக நூற்றுக்கணக்கான பையன்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஒருவர் கூட எனக்கு ஒரு கதிரை போட்டதில்லை. அன்று மத்தியானம் நான் அவளோடு பேசவில்லை. அவள் கவனித்திருப்பாள்.

அந்த வருடத்து டிராஃப்டில் தெற்கே ஒரு கல்லூரிக் குவாட்டர்பேக் மேல் எல்லோருக்கும் கண். சட்டையில் ஒன்பதாம் நம்பர். நாங்கள் அவனை ஒன்பது என்றே கூப்பிடுவோம். எங்களிடம் அறிக்கை வாங்கும் ஒரு அணி அவனைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தது. நிக் சொன்னான், பெப்ரவரியில் பையன்களை ஓடவும் எறியவும் விட்டுப் பார்க்கிற முகாமுக்கு இந்த முறை ஒருவரை நேரே அனுப்பப் போகிறேன், யாருடைய அறிக்கை அந்த அணிக்குப் பிடிக்கிறதோ அவர்தான் இனி எங்கள் தேர்வாளர் என்று. வீடியோவுக்கு முன்னால் இல்லை, மைதானத்து ஓரத்தில், கழுத்தில் அட்டை தொங்க. பதினாறு வயதிலிருந்து நான் ஆசைப்பட்ட இடம் அது. அதைவிட வேறு எதற்கும் நான் அந்த அளவு ஆசைப்பட்டதில்லை, என் கலியாணம் உட்பட.

நாற்பது பக்கம் எழுதினேன். கால் வைக்கிற விதம், தோள் திரும்புகிற வேகம், எதிராளிகள் பாய்ந்து வரும்போது கடைசிக் கணம்வரை அசையாமல் நிற்கும் துணிவு. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு எறிதலுக்கு முழுப் பக்கம். மைதானத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, அறுபது யார்ட், ஓடுகிறவன் கையில் கொண்டுபோய் வைத்த மாதிரி. நான் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு எறிய நினைத்த பந்து அது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. தலைமைப் பண்பு என்ற பகுதியில் இன்னொன்றையும் எழுதி அடிக்கோடிட்டேன். எறிந்த பந்து பிடிபடாமல் போனால் ஒன்பது கோபிப்பதில்லை, பிடிக்கத் தவறியவனிடம் ஓடிப்போய் ஹெல்மெட்டில் தட்டிக்கொடுக்கிறான், பிறர் பிழையைப் பொறுக்கிற குணம் தலைவனுக்கு வேண்டும் என்று.

அறிக்கை போய் ஒரு கிழமையில் அந்த அணியிலிருந்து நிக்கை அழைத்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்து எறிதல் அவனுடையது இல்லை என்றார்கள். அது முந்தின வருடத்து ஆட்டம். முந்தின வருடம் ஒன்பதாம் நம்பர் சட்டையைப் போட்டிருந்தது வேறொரு பையன். அவன் படித்து முடித்துப் போக, சட்டை இவனுக்கு வந்திருக்கிறது. ஒரே நம்பர், ஒரே ஹெல்மெட், கிட்டத்தட்ட ஒரே உயரம்.

நிக் எங்களைக் கூட்டி அந்தக் கோப்பைத் திரையில் போட்டான். பதிந்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. அந்த ஆட்டத்தைத் தெரிவு செய்து, ஒன்பது, குவாட்டர்பேக் என்று குறிப்பெழுதி, பதியச் சொல்லி அவளுடைய கணினிப் பெட்டியில் போட்டவன் நான். ஆண்டைப் பார்க்காதவனும் நான்தான். அது ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நொடியில் என் வாய் பேசியது.

"புதிதாக வந்தவர். ஒரே நம்பர், யாருக்கும் நடக்கும். நான்தான் இன்னொரு தடவை சரிபார்த்திருக்க வேண்டும். விட்டுவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவள் தோளில் மெல்லத் தட்டினேன்.

நிக் என்னை மரியாதையோடு பார்த்தான். அவள் என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது நான் நல்லவன் என்று எனக்கே நம்பிக்கை வந்திருந்தது. அன்றிலிருந்து, ஆட்டத்தின் ஆண்டைப் பார்த்துப் பதியவேண்டும் என்று நிக் ஒரு விதி போட்டான். அந்த விதிக்கு அலுவலகத்தில் அவள் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த அணி இன்னொரு தடவை எழுதித் தரச் சொன்னது. என்னையும் அவளையும் தனித்தனியே எழுதச் சொன்னான் நிக். நான் பன்னிரண்டாம் பக்கத்தை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன். அவள் கொடுத்தது அரைப்பக்கம், கூடவே பதினான்கு வீடியோத் துண்டுகள். எல்லாமே விசிலுக்குப் பிறகு.

அவள் திரையில் ஓடவிட்டுச் சொன்னாள். ஏழு இடத்தில் ஒன்பது சரியாக எறிந்த பந்தை மற்றவன் நழுவவிட்டான். அந்த ஏழிலும் ஒன்பது அவன் பக்கமே போகவில்லை, தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். மற்ற ஏழு இடத்தில் ஒன்பது எறிந்ததே பிழை. ஓடுகிறவனுக்குப் பின்னால், அல்லது எட்டாத உயரத்தில். அந்த ஏழிலும் ஓடிப்போய் அந்தப் பையனின் ஹெல்மெட்டில் தட்டிக்கொடுத்தான். எண்பதாயிரம் பேருக்கும் தெரிகிற மாதிரி.

நிக் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழிலேயே கேட்டேன்.

"தட்டிக் குடுக்கிறது நல்ல பழக்கம்தானே? உதிலை என்ன பிழை?"

அவளும் தமிழிலேயே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை, திரையில் நின்ற ஒன்பதைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தன்ரை பிழைக்கு மற்றவனை மன்னிக்கிறான். கத்துறவன் எண்டால் திருப்பிக் கத்தலாம். மன்னிக்கிறவனை என்ன செய்யிறது? தட்டு வாங்கின பெடியன் அடுத்தமுறை பாதி வேகத்திலதான் ஓடுறான், பாரும்."

அறைக்குள் எங்கள் இருவரையும் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. "என்ன சொன்னாள்?" என்று நிக் என்னைக் கேட்டான். நான்தான் மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தேன். அதை மட்டும் என் கணக்கில் நல்லதாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நிக் அவளைத்தான் முகாமுக்கு அனுப்பினான்.

அவள் முகாமுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் லாரன்ஸ் தெருவில் பஸ்ஸுக்கு நின்றோம். பனி தூறிக்கொண்டிருந்தது. அவள் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டு, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"இன்னும் பாக்கிறன்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பஸ் வந்தது. வழக்கம்போல எனக்கும் சேர்த்து ஒரு இருக்கை பிடித்துவைத்தாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

முகாமிலிருந்து அவள் திரும்பி வந்தது தன் சாமான்களை எடுக்கத்தான். அங்கே அவளைப் பார்த்த ஒரு அணி அவளைத் தங்களோடு வைத்துக்கொண்டது. ஒன்பதை வேறொரு அணி எடுத்தது. அவன் தோற்கக்கூடாது, அவள் சொன்னது பிழை என்று ஆகவேண்டும் என்று நான் நேர்ந்துகொள்ளாத குறை. அவன் தோற்கவில்லை. முதல் இரண்டு வருடமும் நன்றாக எறிந்தான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவன் எறியமாட்டான் என்று அவள் எங்கே சொன்னாள்? அவனுடைய ஆட்டங்களை இப்போது விசிலுக்குப் பிறகுதான் பார்க்கிறேன். இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

தேர்வாளர் இடம் கடைசியில் எனக்கே வந்தது, அவள் விட்டுப்போனதால். கழுத்தில் அட்டையும் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் நான்தான். மூன்று வருடமாக ஆறேழு பேருக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் பெயரைச் சொல்லி, அவள் விட்ட பிழையைச் சொல்லி, ஆனால் கெட்டிக்காரி, யாருக்கும் நடக்கும் என்று முடிப்பேன். ஒவ்வொரு தடவையும் அவளை மன்னித்துத்தான் முடித்திருக்கிறேன்.

போன கிழமை ஒரு மனிதர் புதிதாகச் சேர்ந்தார். ஐம்பது வயது, முன்னம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். அவருக்கு விதியைச் சொல்லி, அவள் பெயரையும் சொல்லி, வழக்கம்போல முடித்தேன். அவர் குறிப்பெழுதிக்கொண்டே, "அந்த ஆட்டத்தை அவவுக்கு எடுத்துக் குடுத்தது ஆர்?" என்று கேட்டார். அவரும் எங்கட ஆள்தான். நிக் பக்கத்து மேசையில் ஷவர்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன், நிக்குக்கும் விளங்கட்டும் என்று. எடுத்துக் கொடுத்தது நான், ஆண்டைப் பார்க்காதது நான், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன். நிக் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த விதிகளின் தாளில் அவள் பெயரைப் பேனையால் கோடு போட்டு வெட்டினான். என் பெயரை எழுதவில்லை. அதை நானே எழுதினேன்.

அன்று மத்தியானம் அவளுக்குக் கைப்பேசியில் எழுதினேன். நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் செய்தி. 'அந்த ஆட்டத்தை எடுத்துத் தந்தது நான்தான். நிக்கிட்டைச் சொல்லிப்போட்டன்.'

உடனே பதில் வந்தது. 'தெரியும். சொன்னது சந்தோஷம்.'

நான் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு செய்தி வந்தது.

'புல்லு?'

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்த நான்காவது எறிதலிலிருந்து இருபத்தெட்டு வருடமாக அந்தக் கூடத்தை மன்னித்துக்கொண்டு திரிந்தவன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் அவளுக்கு அது தெரிகிறதே என்று வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு எழுதினேன்.

'காஞ்சுதான் கிடந்தது.'